சோற்றுருண்டையில் தொடங்கும் சுஷி: ஜப்பானுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

வேலைக்காகவோ படிப்புக்காகவோ ஜப்பானில் வந்து இறங்கும் நம்மவர்களில் பலர், முதல் சில மாதங்கள் சுஷியின் பக்கமே தலைகாட்டுவதில்லை. பச்சை மீன் என்ற எண்ணம் ஒரு காரணம். உணவகத்தில் உட்கார்ந்தால் எவ்வளவு ஆகுமோ என்ற தயக்கம் இன்னொரு காரணம். எதை எப்படிக் கேட்பது, எப்படிச் சாப்பிடுவது என்று தெரியாத கூச்சம் எல்லாவற்றுக்கும் மேல். இந்த மூன்றுக்கும் இடம் தராத எளிய வாசல் ஒன்று உண்டு. தெருமுனைக் கடையிலும் பேரங்காடியிலும் நூற்றுச் சொச்சம் யெனுக்குக் கிடைக்கும், கையில் எடுத்துச் சென்று எங்காவது உட்கார்ந்து உண்ணக்கூடிய, உருண்டையாகப் பிடித்த சுஷிதான் அது. நம் ஊரில் பயணத்துக்குக் கட்டுச்சோறு கட்டிக்கொண்டு போன பழக்கம் உள்ளவர்களுக்கு இது அந்நியமாகவே தோன்றாது.

தொடங்குவதற்கு முன் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்வது நல்லது. ஒன்றைச் சுஷி ஆக்குவது அதன் சோறுதான். வினிகர், சர்க்கரை, உப்பு மூன்றும் கலந்து ஆறவைத்த சோறு எதில் இருக்கிறதோ அது சுஷி. அதன் மேல் மீன் இருக்கலாம், முட்டை இருக்கலாம், வெள்ளரிக்காய் இருக்கலாம், ஒன்றுமே இல்லாமலும் இருக்கலாம். சுஷிக் கடைக்காரர்கள் அந்தச் சோற்றை ‘ஷாரி’ என்கிறார்கள். புத்தரின் உடல் எச்சங்களைக் குறித்த ‘சரீர’ என்னும் வடசொல் பௌத்தத்தோடு ஜப்பானுக்குப் போய் ‘ஷாரி’ ஆனது என்றும், வெண்ணிறச் சிறு மணிகளாக இருப்பதால் சோற்றுக்கும் அப்பெயர் ஒட்டிக்கொண்டது என்றும் சொல்வார்கள். ஆகவே முதன்முறை சுஷி வாங்குபவர் மீனைப் பற்றிக் கவலைப்படாமல் சோற்றின் சுவையை அறிந்துகொள்வதையே குறியாக வைத்துக்கொள்ளலாம். நான் பரிந்துரைக்கும் வரிசையும் அதை ஒட்டியதே: முதலில் மீனே இல்லாத உருண்டை, பிறகு சமைத்த மீன், கடைசியில்தான் பச்சை மீன்.

படி 1: பெயர்களைப் பிரித்தறிதல்

கடையின் ஒரே அடுக்கில் பக்கத்துப் பக்கத்தில் இருப்பதால் புதியவர்கள் குழப்பிக்கொள்ளும் பொருள்கள் நான்கைந்து உள்ளன. முதலாவது ஒனிகிரி. சிலர் இதையே ஓமுசுபி என்பார்கள். முக்கோணமாகவோ உருண்டையாகவோ பிடித்த சாதாரணச் சோறு இது. உப்பு மட்டும் சேர்த்து, நடுவில் ஏதாவது ஒரு பூரணம் வைத்து, பெரும்பாலும் நோரி எனப்படும் கடற்பாசித் தாளால் சுற்றியிருப்பார்கள். இதில் வினிகர் கிடையாது. எனவே கண்டிப்பாகச் சொன்னால் இது சுஷி ஆகாது. ஆனாலும் சுஷிக்குப் பழகுவதற்கு இதைவிட நல்ல முன்பாடம் இல்லை. நோரியின் மணமும், ஜப்பானிய அரிசியின் ஒட்டும் தன்மையும், ஆறிய சோற்றை ஆறியபடியே உண்ணும் பழக்கமும் இதிலேயே கைவந்துவிடும்.

இரண்டாவது இனாரி சுஷி. புதியவர் ஒருவர் ஒரே ஒரு சுஷியைத்தான் வாங்குவார் என்றால் நான் இதைத்தான் கையில் கொடுப்பேன். சோயாப் பால்கட்டியாகிய டோஃபுவின் மெல்லிய துண்டைப் பொரித்து, பையைப் போல் ஒரு பக்கம் திறந்து, சோயா சாஸும் சர்க்கரையும் சேர்த்த சாற்றில் வேகவைத்து, அதற்குள் வினிகர் சோற்றை அடைத்திருப்பார்கள். கையில் எடுத்தால் வெளிப்புறம் சற்றே ஈரமாக, பணியாரத்தின் நிறத்தில் இருக்கும். கடித்தவுடன் டோஃபுவில் ஊறியிருக்கும் இனிப்புச் சாறு நாக்கில் இறங்கும். அடுத்த கணம் சோற்றின் மெல்லிய புளிப்பு வந்து அந்த இனிப்பை மட்டுப்படுத்தும். மீன் வாடையும் இல்லை, உறைப்பும் இல்லை, உள்ளே வசாபி என்னும் காரமான பச்சை விழுதும் இல்லை. குழந்தைகள் மறுபேச்சில்லாமல் சாப்பிடும் சுஷி இது.

பெயருக்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது. இனாரி என்பது நெல்லுக்கும் விளைச்சலுக்கும் உரிய தெய்வம். நரி அதன் தூதுவன். பொரித்த டோஃபு நரிக்குப் பிடித்தமானது என்பது நம்பிக்கை. தோக்கியோ உள்ளிட்ட கான்தோ பகுதியில் இந்தச் சுஷி நெல்மூட்டையைப் போல் நீளுருண்டையாக இருக்கும். கியோத்தோ, ஒசாக்கா பக்கம் போனால் அதுவே நரியின் காதைப் போல் முக்கோணமாகிவிடும். உள்ளே வெறும் சோற்றுக்குப் பதில் எள்ளும், பொடியாக நறுக்கிய கேரட்டும் வேர்க்காய்களும் கலந்திருப்பதும் உண்டு. கியோத்தோவின் ஃபுஷிமி இனாரி கோயிலுக்குப் போகிறவர்கள் வாசற்கடைகளில் இந்த முக்கோண வகையை வாங்கிப் பார்க்கலாம். ஐச்சி மாநிலத்தின் தொயொகாவா நகரமும் இனாரி சுஷிக்குப் பெயர் போனது.

மூன்றாவது தேமாகி. வினிகர் சோற்றை நோரித் தாளில் குழல் போல் சுற்றியது. ஒனிகிரியை அடுத்தே வைத்திருப்பார்கள். வெள்ளரிக்காய், நத்தோ என்னும் நொதித்த சோயா, அரைத்த ட்யூனா மீன் என உள்ளீடு மாறும். நத்தோவின் வாடையும் நூல் நூலாக இழுபடும் பிசுபிசுப்பும் எல்லோருக்கும் ஒத்துவராது. முதல் வாரத்திலேயே அதைத் தொடாதிருப்பது புத்திசாலித்தனம்.

நான்காவது தேமாரி சுஷி. வண்ண நூல் சுற்றிய பழைய விளையாட்டுப் பந்துக்குத் தேமாரி என்று பெயர்; அந்தப் பந்தின் வடிவில், எலுமிச்சை அளவு உருண்டைகளாகச் சோற்றைப் பிடித்து, மேலே சால்மன் மீன், இறால், முட்டை, வெள்ளரிக்காய் போன்றவற்றை மெல்லிய போர்வையாக இட்டிருப்பார்கள். இது எப்போதும் கிடைக்காது. மார்ச் 3-ஆம் நாள் வரும் பெண் குழந்தைகள் விழாவை ஒட்டி எளிதாகக் கண்ணில் படும்.

பெயரில் சுஷி இருந்தும் தோற்றத்தில் முழுச் சோற்றுருண்டையாகவே இருப்பது மேஹாரி சுஷி. வாகாயாமா மாநிலத்தின் குமானோ மலைப்பகுதியில், காட்டு வேலைக்குப் போனவர்கள் ஊறுகாய்க் கடுகிலையில் சோற்றைப் பொதிந்து எடுத்துச் சென்றதிலிருந்து வந்தது இது. உருண்டை பெரிது; கடிக்க வாயைத் திறக்கும்போது கண்ணும் சேர்ந்து விரிவதால்தான் இந்தப் பெயர் என்பார்கள். பல கடைகளில் இதில் வினிகரே சேர்ப்பதில்லை. ஷிங்கூ நகரத்தின் பக்கம் போக நேர்ந்தால் தவறவிடாதீர்கள். தோக்கியோவில் அலைந்து தேட வேண்டியதில்லை.

படி 2: கடையும் நேரமும்

முதல் முயற்சிக்கு ‘கொன்பினி’ என்று ஜப்பானியர் சுருக்கி அழைக்கும் இருபத்துநான்கு மணி நேரக் கடையே போதும். செவன் இலெவன், லாசன், ஃபேமிலிமார்ட் ஆகிய மூன்றில் ஒன்றாவது உங்கள் ரயில் நிலையத்தின் அருகில் இருக்கும். ஜப்பானின் முதல் செவன் இலெவன் கடை 1974-இல் தோக்கியோவின் தொயொசுவில் திறக்கப்பட்டது. நோரித் தாள் நமத்துப்போகாமல் தனி உறையில் சுற்றிய ஒனிகிரியை அந்நிறுவனம் 1978-இல் விற்கத் தொடங்கியது. இன்று எல்லாக் கடைகளிலும் அதுவே வழக்கம்.

விலை, பூரணத்தைப் பொறுத்து, ஒன்றுக்கு ஏறக்குறைய 130 யெனிலிருந்து 250 யென் வரை இருக்கும். உப்பு மட்டும் சேர்த்தது மலிவு. சால்மன் மீனும் மீன் முட்டையும் வைத்தவை மேலே போகும். 2025-இல் 5 கிலோ அரிசியின் சில்லறை விலையே 4,000 யெனைத் தாண்டிய பிறகு ஒனிகிரியின் விலையும் ஏறியிருப்பதால், பழைய பயணக் குறிப்புகளில் காணும் ‘நூறு யென் ஒனிகிரி’யை எதிர்பார்த்துப் போகாதீர்கள். இரண்டு ஒனிகிரியும் நொதித்த சோயா விழுதில் செய்த ஒரு சிறு குவளை மிசோ சூப்பும் மதிய உணவுக்குத் தாராளமாகப் போதும்.

சுஷிக்கென்று வரும்போது கொன்பினியைவிடப் பேரங்காடியின் ஆயத்த உணவுப் பகுதிதான் சிக்கனம். மூன்று நான்கு இனாரி அடங்கிய பெட்டியோ, ‘சுகெரொகு’ எனப்படும் கலவைப் பெட்டியோ அங்கே 300 முதல் 500 யெனுக்குள் கிடைக்கும். சுகெரொகு என்பது இனாரியும் நோரிச் சுருள் சுஷியும் சேர்ந்த பெட்டி. சுகெரொகு, கபுகி என்னும் ஜப்பானிய மரபு நாடக வகையில் புகழ்பெற்ற ஒரு நாடகத்தின் நாயகன். அவன் காதலியின் பெயர் அகெமாகி. பொரித்த டோஃபுவுக்கு ‘அகே’, சுருளுக்கு ‘மாகி’. இரண்டும் பெட்டிக்குள் சேர்ந்திருப்பதால் காதலியின் பெயரைச் சொல்லாமல் காதலன் பெயரை வைத்துவிட்டார்கள். இந்தக் குறும்பை அறிந்த நாளிலிருந்து அந்தப் பெட்டியின் மேல் எனக்குத் தனிப் பிரியம்.

நேரம் பார்த்துப் போனால் இன்னும் மலிவாக வாங்கலாம். ஆயத்த உணவை அன்றே விற்றுத் தீர்க்க வேண்டியிருப்பதால், மாலை மங்கத் தொடங்கியதும் ஊழியர் ஒருவர் கையில் சீட்டுக் கட்டோடு வந்து தள்ளுபடிச் சீட்டுகளை ஒட்டிக்கொண்டே போவார். அந்தச் சீட்டில் ‘2’ என்ற எண்ணுக்குப் பின் ‘வாரி பிகி’ என்று எழுதியிருந்தால் 2 விழுக்காடு என்று நினைத்துவிட வேண்டாம். ‘வாரி’ என்பது பத்தில் ஒரு பங்கு. ஆகவே அது 20 விழுக்காடு. ‘ஹன்காகு’ என்றால் பாதி விலை. கடை மூடுவதற்கு ஒன்றிரண்டு மணி நேரம் முன்பு ஹன்காகு சீட்டுகள் தென்படும். ஆனால் அதற்குள் இனாரி தீர்ந்துபோயிருக்கவும் கூடும் என்பதால், முதல் முறை முழு விலைக்கே வாங்கி, சிக்கனத்தை இரண்டாம் முறைக்கு வைத்துக்கொள்ளலாம். சீட்டு ஒட்டும் ஊழியரின் பின்னால் நின்று, ஒட்டாத பெட்டியை நீட்டி ‘இதற்கும் ஒட்டுங்கள்’ என்று கேட்பது நாகரிகமாகக் கருதப்படாது.

படி 3: சீட்டைப் படித்தல்

இந்தப் பகுதியைச் சற்று விரிவாகவே எழுத வேண்டியிருக்கிறது. நம்மவர்கள் ஏமாறும் இடம் இதுதான். ஜப்பானிய எழுத்து தெரியாதவர்கள் கைப்பேசியின் மொழிபெயர்ப்புச் செயலியில் கேமராவைத் திறந்து, பொதியின் பின்புறம் இருக்கும் சீட்டின் மீது காட்டினால் போதும். ஆனால் அது தரும் சொற்களில் எதைத் தேடுவது என்று தெரிந்திருக்க வேண்டும்.

முன்புறத்தில் பெரிய எழுத்தில் இருப்பது பூரணத்தின் பெயர். உமே என்றால் உப்பில் ஊறவைத்த புளிப்பான காய். நம் எலுமிச்சை ஊறுகாய்க்குப் பழகிய நாக்குக்கு உடனே பிடிக்கும். கொம்பு என்றால் சோயா சாஸில் வதக்கிய கடற்பாசி; பெயரைக் கேட்டு ஆட்டுக் கொம்பை நினைத்துக்கொள்ள வேண்டாம். ஷாகே என்பது வேகவைத்த அல்லது சுட்ட சால்மன். ட்சுனா மாயோ என்பது டப்பா ட்யூனாவோடு மயோனைஸ் கலந்தது. 1980-களில் வந்த புதுவரவு என்றாலும் இன்று மிக அதிகமாக விரும்பப்படும் பூரணங்களில் ஒன்று. மெந்தாய்கோ என்பது மிளகாய் சேர்த்து ஊறவைத்த மீன் முட்டை. காரம் தேடுகிறவர்களுக்கு ஏற்றது, ஆனால் பச்சையானது. செகிஹான் என்பது சிவப்புப் பயறு சேர்த்த ஒட்டரிசிச் சோறு. ஷியோ முசுபி என்பது வெறும் உப்புருண்டை.

ஓகாகா என்ற பெயரில் சைவர்கள் கவனமாக இருக்க வேண்டும். அதில் பழுப்பு நிறத்தில், மரத்தூளைப் போலத் துருவிப் போட்டிருப்பது சூரை மீன். அம்மீனை வேகவைத்து, புகையிட்டு, கல் போல் காயவைத்துத் துருவினால் கிடைப்பது கட்சுஓபுஷி. நம் தென்கடற்கரையிலும் இலங்கையிலும் சம்பலுக்கு இடித்துப் போடும் மாசிக் கருவாடும் அதே மீனிலிருந்துதான் வருகிறது. இரண்டையும் முகர்ந்து பார்த்தவர்களுக்கு உறவு புரிந்துவிடும். எங்கள் வீட்டில் ஒருவர் சுத்த சைவம். உள்ளே மீன் துண்டு எதுவும் தெரியவில்லை என்ற தைரியத்தில் நான் அவருக்கு வாங்கிக் கொடுத்த முதல் ஒனிகிரி இந்த ஓகாகாதான் என்பதைச் சொல்ல இன்றும் கூச்சமாக இருக்கிறது.

கண்ணுக்குத் தெரியும் மீனைவிடக் கண்ணுக்குத் தெரியாத மீனே பெரிய சிக்கல். ஜப்பானியச் சமையலில் ‘தாஷி’ என்னும் அடிப்படைச் சாறு பல பண்டங்களில் சேர்கிறது. அது பெரும்பாலும் இந்தச் சூரை மீனிலிருந்தும் கடற்பாசியிலிருந்தும் எடுக்கப்படுவது. இனாரியின் டோஃபு வேகும் சாற்றில் அது இருப்பது வழக்கம். கொம்பு ஒனிகிரியின் சாஸிலும், சில வகை உமேயிலும், நத்தோவின் சுவைச்சாற்றிலும்கூட இருக்கக்கூடும். சீட்டின் இறுதியில் அடைப்புக்குறிக்குள் ஒவ்வாமைப் பொருள்களைத் தொகுத்துத் தருவார்கள். கோதுமை, முட்டை, பால், இறால், நண்டு போன்றவை அங்கே வரும்; சூரை மீன் அந்தப் பட்டியலில் சேர்ந்ததன்று என்பதால் அங்கே அதன் பெயர் இல்லாததை வைத்து மீன் இல்லை என்று முடிவுகட்டக் கூடாது. மேலே உள்ள முழு மூலப்பொருள் பட்டியலில் ‘கட்சுஓ’, ‘தாஷி’, ‘கியோகாய்’ ஆகிய சொற்கள் இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். கியோகாய் என்பது மீனும் சிப்பியும் போன்ற கடலுணவுக்குப் பொதுப்பெயர். இறைச்சியைப் பொறுத்தவரை, ‘புதா’ பன்றி, ‘கியூ’ அல்லது ‘உஷி’ மாடு, ‘தோரி’ கோழி. மதுவை விலக்குபவர்கள் ‘மிரின்’, ‘சாகே’ ஆகியவற்றோடு, கெடாமலிருக்கச் சேர்க்கும் சாராயமாகிய ‘ஷுசெய்’ என்ற சொல்லையும் தேட வேண்டும். மதுவாகிய சாகேயும் மீனாகிய ஷாகேயும் ஒலியில் நெருங்கியிருப்பதால் குழப்பம் வரலாம். எழுத்தில் அவை வேறு வேறு.

இவ்வளவையும் கழித்துவிட்டால் சைவர்களுக்கு என்ன மிஞ்சும் என்று கேட்கலாம். ஷியோ முசுபியும் செகிஹானும் பெரும்பாலும் ஒத்துவரும். சுஷியில் வெள்ளரிக்காய்ச் சுருளாகிய கப்பா மாகி முதல் தேர்வு; அதிலும் சீட்டைப் பார்த்தே எடுக்க வேண்டும். இனாரியை விட மனமில்லாதவர்கள், சுவை சேர்க்காத பொரித்த டோஃபுவைப் பேரங்காடியில் வாங்கி, கொதிநீரில் எண்ணெயை அலசி, சோயா சாஸ், சர்க்கரை, கடற்பாசிச் சாறு ஆகியவற்றில் வேகவைத்துத் தாங்களே அடைத்துக்கொள்ளலாம். அரைமணி நேர வேலை. கடையில் வாங்குவதைவிடச் சுவையாகவும் இருக்கும். கடைச் சிப்பந்தியிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம் என்று நம்ப வேண்டாம். பொதி ஆலையிலிருந்து வருவதால் அவரும் சீட்டைத்தான் திருப்பிப் பார்ப்பார்.

சீட்டில் பார்க்க வேண்டிய இன்னொன்று காலக்கெடு. ஒனிகிரியிலும் சுஷியிலும் இருப்பது ‘ஷோஹி கிகென்’. அதற்குள் சாப்பிட்டுவிட வேண்டும் என்று பொருள். ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் தேதியும், பல பொதிகளில் மணியும் அச்சிட்டிருக்கும். பிஸ்கட் பொதிகளில் காணும் ‘ஷோமி கிகென்’ சுவை குன்றாத காலத்தை மட்டும் குறிப்பது; அது கடந்தாலும் உடனே கெட்டுவிடாது. இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. உடனே சாப்பிடப் போகிறீர்கள் என்றால் காலக்கெடு நெருங்கிய, அடுக்கின் முன்வரிசையில் உள்ளதையே எடுங்கள். உணவு வீணாவதைக் குறைக்க அரசே 2021-இல் கடைகளோடு சேர்ந்து இதை வலியுறுத்தத் தொடங்கியது.

படி 4: கல்லாவில்

இங்கே கேட்கப்படும் கேள்விகள் சிலவே. பை வேண்டுமா என்று கேட்பார்கள். 2020 ஜூலை முதல் பிளாஸ்டிக் பைக்குக் காசு. ஒனிகிரியைச் சூடாக்க வேண்டுமா என்று சில இடங்களில் கேட்பார்கள். ஹொக்கைதோவில் இது சர்வ சாதாரணம். ஒனிகிரிக்கு உங்கள் விருப்பம்போல் சொல்லலாம். சுஷியை மட்டும் சூடாக்கவே கூடாது. வினிகர் ஆவி மூக்கில் ஏறும். மீன் இருந்தால் அதுவும் கெடும். கடைக்குள்ளேயே உட்கார்ந்து சாப்பிடுவதாக இருந்தால் அதைச் சொல்லிவிட வேண்டும். 2019 அக்டோபர் முதல், எடுத்துச் செல்லும் உணவுக்கு நுகர்வு வரி 8 விழுக்காடு, அங்கேயே உண்பதற்கு 10 விழுக்காடு. அடுக்கில் இரண்டு விலைகள் அச்சிட்டிருந்தால் வரி சேர்ந்தது பெரிய தொகை.

படி 5: உறையைப் பிரித்தல்

முக்கோண ஒனிகிரியின் உறையில் 1, 2, 3 என்று எண்கள் இருக்கும். அவற்றை அலங்காரம் என்று நினைத்துக்கொண்டு பக்கவாட்டில் கிழித்தவர்களில் நானும் ஒருவன். ரயில் நிலைய இருக்கையில் உட்கார்ந்து நான் பிரித்த முதல் ஒனிகிரியில், நோரி முழுதும் பிளாஸ்டிக்கோடு போய்விட, மொட்டைச் சோறு மட்டும் கையில் நின்றது. எதிரில் உட்கார்ந்திருந்த மூதாட்டி தன் பையிலிருந்த ஒனிகிரியை எடுத்து, ஒன்றும் பேசாமல், மெதுவாகப் பிரித்துக் காட்டினார்.

முறை இதுதான். கூர்முனை மேலே இருக்குமாறு பிடித்து, முனையில் 1 என்றிருக்கும் சிறு நாடாவைப் பற்றி நடுக்கோட்டின் வழியே கீழ்நோக்கி இழுத்து, அடிப்பக்கத்தைச் சுற்றிப் பின்புறமாக மேலே கொண்டுவந்து முழுதாக நீக்கிவிட வேண்டும். இப்போது உறை இரண்டு பாதிகளாகி நிற்கும். 2 என்றிருக்கும் மூலையைப் பிடித்து வெளிப்பக்கமாக மெல்ல உருவ வேண்டும். பிறகு 3 என்றிருக்கும் மூலையை அதேபோல். நோரி இரண்டு படலங்களுக்கு நடுவே சோற்றைத் தொடாமல் இருப்பதால், படலம் உருவப்படும் அந்த நொடியில்தான் சோற்றின் மேல் படிகிறது. கடிக்கும்போது அப்பளம் போல் நொறுங்குவது அதனால்தான். படலத்தின் ஓரத்தில் நோரித் துண்டு மாட்டிக்கொண்டால் வெடுக்கென்று இழுக்காமல் விரலால் தள்ளிவிடுங்கள். தேமாகியின் உறையும் இதே தத்துவம்தான். நடுநாடாவை நீக்கிவிட்டு இரண்டு முனைகளையும் எதிரெதிர்த் திசையில் உருவ வேண்டும். ஏற்கெனவே நோரி ஒட்டிய நிலையில் வரும் ஒனிகிரியும் உண்டு. அதில் தாள் மெத்தென்று இருப்பது குறையில்லை, அது அப்படிப்பட்ட வகை.

படி 6: உண்பதும் வைத்திருப்பதும்

இவை எல்லாமே கையால் உண்ண வேண்டியவை என்பது நமக்கு வசதி. இனாரிக்குச் சோயா சாஸ் தேவையில்லை. ஊறிய டோஃபுவிலேயே உப்பும் இனிப்பும் இருக்கின்றன. பெட்டியின் மூலையில் வெளிர் சிவப்பாக மடித்து வைத்திருப்பது வினிகரில் ஊறிய இஞ்சி. அதை ஊறுகாயைப் போல் சோற்றோடு சேர்க்காமல், ஒரு உருண்டைக்கும் அடுத்த உருண்டைக்கும் இடையில் வாயைப் புதுப்பிக்கத் தனியாக மெல்ல வேண்டும். முதல் கடியில் சோறு ஆறியிருப்பது உறுத்தலாம். சூடான சோற்றில் புளிப்பும் இனிப்பும் பிரிந்து தெரியும்; ஆறிய பிறகே அவை மணியோடு ஒன்றும். புளியோதரையைக் கிண்டிய உடனே சாப்பிடுவதற்கும் நான்கு மணி நேரம் கழித்துச் சாப்பிடுவதற்கும் உள்ள வேறுபாட்டை அறிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

வாங்கியதை வீட்டுக்கு எடுத்துவந்து குளிர்பெட்டியில் வைப்பது நம் இயல்பு. மீனில்லாத உருண்டைக்கு அது நல்லதன்று. கடைகளில் ஒனிகிரி அடுக்கை 20 பாகை செல்சியஸை ஒட்டி வைத்திருக்கிறார்கள். அதைவிடக் குறைந்து, உறைநிலையை நெருங்கும் குளிரில், சோற்றின் மாவுச்சத்து மறுபடியும் இறுகி, மணிகள் சுண்ணாம்பு போல் உதிரத் தொடங்கும். சர்க்கரையும் எண்ணெயும் இருப்பதால் இனாரி ஓரளவு தாங்கும், ஒனிகிரி தாங்காது. தவறி வைத்துவிட்டால் உறையை லேசாகத் திறந்து, மைக்ரோவேவ் அடுப்பில் இருபது முப்பது நொடி வைத்தால் சோறு மீண்டும் மென்மையாகும். நோரியின் மொறுமொறுப்பு மட்டும் திரும்பாது. பச்சை மீன் உள்ளதைக் குளிரிலேயே வைத்து அன்றே முடித்துவிட வேண்டும். ஜூலை, ஆகஸ்ட் மாதப் புழுக்கத்தில் எந்த வகையானாலும் தோள்பையில் பாதி நாள் சுமந்து திரியக் கூடாது. சமைத்த சோற்றில் பெருகும் சில நுண்ணுயிர்களின் நஞ்சு மறுபடி சூடாக்கினாலும் அழிவதில்லை.

எங்கே உட்கார்ந்து உண்பது என்பதும் யோசிக்க வேண்டியதே. பூங்கா இருக்கையும் நெடுந்தூர ஷின்கான்சென் ரயிலும் ஏற்ற இடங்கள். நகருக்குள் ஓடும் நெரிசல் ரயிலில் யாரும் உண்பதில்லை. நடந்துகொண்டே கடிப்பதையும் பெரியவர்கள் விரும்புவதில்லை. காமகுரா, எனோஷிமா கடற்கரைகளில் பருந்துகள் பின்னாலிருந்து வந்து கையில் இருப்பதைத் தட்டிப் பறித்துவிடும். அங்கே எச்சரிக்கைப் பலகைகள் வைத்திருப்பது வேடிக்கைக்காக அன்று. முதுகைச் சுவரோடு ஒட்டிக்கொண்டு சாப்பிடுங்கள். வெறும் உறையைப் போட வழியில் குப்பைத் தொட்டி கிடைக்காது என்பதால் பையிலேயே வைத்திருந்து வீட்டில் போடப் பழகிக்கொள்ளுங்கள்.

படி 7: அடுத்த முறைகள்

இனாரி பிடித்துவிட்டால் அடுத்த வாரம் சுகெரொகு பெட்டிக்குப் போகலாம். சுருளின் நடுவில் இனிப்பு முட்டையும், சாற்றில் வெந்த சுரைக்காய்க் கீற்றும் இருக்கும். அதற்கடுத்து வெந்த இறாலோ முட்டையோ போர்த்திய தேமாரி. அதன்பின் சால்மன் போர்த்தியது. சால்மன் பச்சையாக இருந்தாலும் கொழுப்பால் வழுக்கென்று இறங்கும், மீன்வாடை குறைவு. பச்சை மீனுக்கு முதன்முதல் பழகுகிறவர்களில் பலர் அதையே எளிதென்று சொல்வார்கள். கருவுற்றிருப்பவர்களும் நோயெதிர்ப்பு குன்றியவர்களும் இந்த இடத்தில் நின்றுவிட்டு, வெந்த வகைகளோடு திருப்தி அடைவதே முறை.

இவ்வளவும் ஆன பிறகு, பேரங்காடியில் 1,000 யென் அளவில் கிடைக்கும் பத்துத் துண்டு நிகிரி (கையால் பிடித்த சோற்றின் மேல் மீன் துண்டு வைத்த சுஷி) பெட்டியை நம்பி எடுக்கலாம். வசாபியின் சுள்ளென்ற காரம் வேண்டாதவர்கள் சீட்டில் ‘சாபி நுகி’ என்றிருப்பதைத் தேட வேண்டும். பல கடைகளில் வசாபியைத் தனிப் பொட்டலமாகவே தருகிறார்கள். சோயா சாஸ் மீன் வடிவச் சிறு புட்டியில் இருக்கும். மூக்கருகே உள்ள சிவப்பு மூடியைத் திருகித் திறக்க வேண்டும். துண்டுகளுக்கு நடுவே, பல் பல்லாக வெட்டிய புல்லைப் போல் பச்சை நிறத்தில் ஒன்று நிற்கும். அது பிளாஸ்டிக், ஒரு துண்டின் வாடை மறு துண்டுக்கு ஏறாமலிருக்க வைத்தது. கறிவேப்பிலையைப் போல் ஒதுக்கி வைத்துவிடுங்கள்.